லாயம் கல்யாண மண்டபமான கதை

அமெரிக்காவின் குடும்பக் குதிரைப் பண்ணைகள் திருமண வாடகையை நம்பிப் பிழைக்கின்றன. நிலம் தப்பிக்கிறது. குதிரைகள் தப்பிக்குமா?

வர்ஜீனியா மாநிலத்தில், புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தை ஒட்டிய மிடில்பர்க் வட்டாரம் குதிரைக்குப் பேர்போனது. கல்யாணத்துக்கு இடம் விடும் குடும்பப் பண்ணை ஒன்றில் மே மாதத்துச் சனிக்கிழமை என்றால், காலை 5 மணிக்கே லாயத்தில் விளக்கு எரியும். குதிரைகளுக்கு ஓட்ஸும் உலர்புல்லும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்தாக வேண்டும். தின்று முடித்ததும் ஒவ்வொன்றாகக் கயிறு பிடித்து, பண்ணையின் கடைக்கோடியில் இருக்கும் மேய்ச்சல் அடைப்புக்குக் கொண்டுபோவார்கள். பிறகு லத்தி அள்ளும் வேலை. தள்ளுவண்டி நிறைய நிறைய அது பின்பக்கக் குவியலுக்குப் போகும். நடுப்பாதையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மூத்திரம் ஊறிய பலகைகளின் காரநெடி அடங்கச் சுண்ணாம்புப் பொடி தூவி, ஆளுயர மின்விசிறிகளை ஓடவிடுவார்கள்.

9 மணிக்கு நாற்காலி ஏற்றிய லாரி வரும். அதன் பின்னாலேயே நடமாடும் கழிப்பறைகள், பூ அலங்காரக்காரர்கள், சமையல் ஆட்கள். உத்தரங்களில் சீரியல் பல்புகள் ஏறும். தேய்ந்த லாடங்களும் தாத்தா காலத்துச் சேணமும் வாசலில் அலங்காரமாகத் தொங்கும். மாலை 4 மணிக்கு மணப்பெண் நடந்துவரப்போவது, காலையில் லத்தி வாரிய அதே பாதையில்தான். இரவு 10 மணிக்கு இசை நிற்கும். மறுநாள் விடிந்ததும் குதிரைகள் தங்கள் கொட்டடிகளுக்குத் திரும்பும்.

குதிரை வளர்ப்பும் கல்யாண வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் வாரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு, கடந்த 15 ஆண்டுகளில் அமெரிக்கக் கிராமப்புறங்களில் பரவலாகிவிட்டது. பல குடும்பங்கள் நிலத்தை விற்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். அதே ஏற்பாடு அக்கம்பக்கத்துச் சண்டைகளையும், நீதிமன்ற வழக்குகளையும், மாநிலச் சட்டத் திருத்தங்களையும் கொண்டுவந்திருக்கிறது.

குதிரை மட்டும் சோறு போடவில்லை

குதிரை வளர்ப்பில் வரவைவிடச் செலவு நிச்சயமானது. 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 9 கிலோ உலர்தீவனம் வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் தேய்ப்பு, நடுராத்திரி வயிற்று நோவுக்கு ஓடிவரும் கால்நடை மருத்துவர் என்று பட்டியல் நீளும். பிறர் குதிரைகளை மாதக் கட்டணத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்வது, சவாரி கற்றுக்கொடுப்பது, குட்டி ஈன வைத்து விற்பது ஆகிய மூன்றும்தான் சிறு பண்ணைகளின் பழைய வருமானம். 2008 பொருளாதாரச் சரிவு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் அடித்தது. வேலை போன குடும்பம் முதலில் நிறுத்துவது மகளின் சவாரி வகுப்பை. அடுத்து விற்பது குதிரையை.

அதற்கு முன்பே தொழில் சுருங்கத் தொடங்கியிருந்தது. வட அமெரிக்காவில் 1986-ல் பதிவான தரோபிரெட் பந்தயக் குதிரைக்குட்டிகள் 51 ஆயிரத்துக்கும் மேல். இப்போது ஆண்டுக்கு 20 ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. பெரிய பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்குக் கோடீஸ்வர முதலாளிகள் இருக்கிறார்கள். 40, 50 ஏக்கரும் ஒரு லாயமும் மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படி யாருமில்லை. நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறுகிறது, வீட்டுமனை நிறுவனங்கள் கதவைத் தட்டுகின்றன. அந்தக் கட்டத்தில்தான் மணமக்கள் வந்து சேர்ந்தார்கள்.

பெட்டிச் செய்தி: எண்கள் சொல்வது

அமெரிக்கக் குதிரை மன்றத்தின் ஆய்வுகளின்படி நாட்டிலுள்ள குதிரைகள் 2005-ல் சுமார் 92 லட்சம். 2017-ல் 72 லட்சம். 2023-ல் 66 லட்சம் சொச்சம்.

அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பின்படி, பண்ணைச் சுற்றுலா மற்றும் பொழுதுபோக்குச் சேவைகளின் வருமானம் 2017-ல் சுமார் 95 கோடி டாலர்; 2022-ல் சுமார் 126 கோடி டாலர். இரு கணக்கெடுப்பிலும் அந்த வருமானம் பார்த்த பண்ணைகள் ஏறத்தாழ 28,600 மட்டுமே. பண்ணைகள் கூடவில்லை, அவற்றின் சராசரி வருமானம்தான் கூடியிருக்கிறது. வேட்டை, மீன்பிடிப்பு, பண்ணையைச் சுற்றிக் காட்டுதல் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடக்கம்.

அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 2022-ல் 58.1.

ஓட்டலை விட்டு லாயத்துக்கு

‘த நாட்’ என்ற திருமணச் சேவை நிறுவனம் ஆண்டுதோறும் மணமக்களிடம் கணக்கெடுக்கிறது. லாயம், களஞ்சியம், பண்ணை, கால்நடைப் பண்ணை ஆகிய இடங்களில் வரவேற்பு வைத்தவர்கள் 2009-ல் 100-க்கு 2 பேர். 2017-ல் 15 பேர். அதே காலத்தில் ஓட்டல்களை நாடியவர்கள் 18-லிருந்து 12 ஆகக் குறைந்தார்கள்.

இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் ஒன்றுகூடின. சர்ச்சில் திருமணம் முடித்து, அதன் பக்கத்து மண்டபத்தில் விருந்து வைக்கும் பழைய வழக்கம் தளர்ந்தது. பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, நட்சத்திர ஓட்டலின் படாடோபம் பலருக்குக் கூச்சமாகப்பட்டது. 2010-ல் பின்டரெஸ்ட் வந்தது. பழங்கால மேசன் கண்ணாடி ஜாடியில் காட்டுப்பூ, சாக்குத்துணி விரித்த மேசை, வைக்கோல் கட்டு இருக்கை, மரச்சுவரில் மஞ்சள் விளக்கொளி என்று ஒரு தோற்றம் நாடு முழுக்க ஒரே அச்சில் பரவியது. உணவு நிறுவனத்தையும் மதுவையும் தங்கள் விருப்பப்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதும் பெரிய ஈர்ப்பு. எளிமையாகத் தெரிந்தாலும் செலவில் எளிமை இல்லை. வெறும் லாயத்துக்கு நாற்காலி முதல் கழிப்பறை வரை எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

பண்ணைக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஒரு குதிரையை மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டால் சில நூறு டாலர்தான் கட்டணம். அதில் பெரும்பகுதி தீவனத்துக்கும் கூலிக்கும் போய்விடும். ஒரு சனிக்கிழமை இடவாடகை சில ஆயிரம் டாலர். வானிலை ஒத்துழைக்கும் மே முதல் அக்டோபர் வரை வார இறுதிகள் நிரம்பினால், குதிரைகள் ஆண்டு முழுக்கத் தராததை அந்த ஆறு மாதம் தந்துவிடும். முன்பணம் ஓராண்டுக்கு முன்பே கைக்கு வரும் என்பதால் வங்கிக் கடனுக்கும் அது உதவும். இதில் அடங்கிய ஆபத்து 2020-ல் தெரிந்தது. கொரோனாவில் திருமணங்கள் ஒட்டுமொத்தமாகத் தள்ளிப்போனபோது, வாங்கிய முன்பணம் லாயத்தின் புதுத் தரையிலும் கழிப்பறையிலும் முடங்கிக் கிடந்தது.

குதிரை நின்ற இடத்தில் 150 பேர்

பணம் வருகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். கட்டடத்தைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டியது முதலில் அதைப் பற்றித்தான்.

குதிரை லாயம் விலங்குகளுக்கும் தீவனத்துக்குமாகக் கட்டப்பட்டது. வர்ஜீனியா உள்படப் பல மாநிலங்களில் பண்ணைக் கட்டடங்களுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. விவசாயி தன் மாட்டுக்குக் கொட்டகை போட நகரத்துப் பொறியாளரின் கையெழுத்துக்கு அலையக் கூடாது என்பது அந்த விலக்கின் நியாயம். அதே கட்டடத்துக்குள் 150 விருந்தினர்கள், பாதிப் பேர் குடித்த நிலையில், இரவில் ஆடும்போது அந்த நியாயம் செல்லாது.

பெரும்பாலான மாநிலங்கள் தழுவியிருக்கும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே பார்க்கிறது. 50 பேர் கூடினால் அது பொதுக்கூட்ட இடம். வெளியேற இரண்டு வழிகளாவது வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாள் வேண்டும். விருந்துக்கூடத்தில் 100 பேரோ அதற்கு மேலோ என்றால் தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் வேண்டும். பழைய லாயத்தில் இவை பெரும்பாலும் இருக்காது. இரு முனையிலும் பெரிய உருள்கதவு இருக்கும்; அது பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. நெரிசலில் அதன் மேல் உடம்புகள் அழுந்திவிட்டால் அசையாது.

மாடிப் பரண் இன்னொரு சிக்கல். வைக்கோல் அடுக்கிய பரணில் விருந்தினரை ஏற்றி நடனமாட விடுவது படம் பிடிக்க அழகான காட்சி. அந்தப் பலகைகள் அசையாத வைக்கோல் கட்டைத் தாங்கியவை. நூறு பேர் ஒரே தாளத்தில் குதிக்கும்போது வரும் அதிர்வு அவை அறியாதது. நூறாண்டு உலர்ந்த மரம், இடுக்குகளில் படிந்த வைக்கோல் தூசி, உத்தரத்தில் சுற்றிய மின்கம்பி, மேசையில் மெழுகுவர்த்தி ஆகியவை ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று தீயணைப்புத் துறையினரைக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பல பண்ணைகள் தீக்கு முற்றிலும் தடை போட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பண்ணை மண்டபம் தேடும்போது முதலில் முட்டிக்கொள்வதும் இங்கேதான். ஓமம் வளர்க்காமல் முகூர்த்தம் இல்லை என்பவர்கள், லாயத்துக்கு வெளியே திறந்தவெளியில் பந்தல் போட்டு, உள்ளூர்த் தீயணைப்பு அதிகாரியின் அனுமதியோடு அக்கினி வளர்த்து, விருந்துக்கு மட்டும் உள்ளே வர வேண்டியிருக்கும். வட இந்தியக் குடும்பங்களுக்குக் குதிரை ஊர்வலமும் உண்டு. பண்ணையில்தான் குதிரை இருக்கிறதே என்று நினைப்பார்கள். டோல் மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிதானமாக நடக்கப் பழகிய குதிரை தனி. மேய்ச்சலில் நிற்கும் குதிரைமேல் மாப்பிள்ளையை ஏற்றிவிட முடியாது.

விதிப்படி மாற்றியமைக்கும் செலவு பல குடும்பங்களின் கைக்கு மீறியது. உறுதியான அடித்தளம், தெளிப்பானுக்குத் தண்ணீர்த் தொட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளமும் கழிப்பறையும், 150 பேரைத் தாங்கும் செப்டிக் டேங்க், வண்டி நிறுத்தச் சரளைத் தளம் எல்லாம் சேர்ந்தால் புதிய கட்டடமே கட்டிவிடலாம். பலர் அதையே செய்கிறார்கள். குதிரையே நுழையாத, லாயம் போல் தோற்றம் தரும் புது மண்டபம் எழுகிறது. பாதுகாப்புக்கு அது நல்லது. பண்ணைக் கட்டடம் என்ற பழைய விலக்கைக் காட்டி இந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பதை எந்த மாநிலமும் அனுமதிக்கக் கூடாது. குடும்பத் தொழிலைக் காப்பது நல்ல நோக்கம்தான், ஆனால் விருந்தினரின் உயிரை அதற்கு ஈடாக வைக்கக் கூடாது.

பெட்டிச் செய்தி: வாசலில் ஒரு பலகை

அமெரிக்கக் குதிரைப் பண்ணைகளின் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகையைக் காணலாம். குதிரையோடு பழகுவதில் இயல்பாகவே ஆபத்து உண்டு, அதனால் ஏற்படும் காயத்துக்குப் பண்ணை பொறுப்பல்ல என்பது அதன் சாரம். இதற்கான சட்டம் முதலில் 1989-ல் வாஷிங்டன் மாநிலத்தில் வந்தது. பிறகு மிகப் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றின. சவாரிக்கும் பயிற்சிக்கும் வருபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாதுகாப்பு இது. நடனத்தரையில் வழுக்கி விழும் விருந்தினருக்கு இதைக் காட்டித் தப்ப முடியாது. சாதாரணப் பண்ணைக் காப்பீடும் திருமணத்துக்குச் செல்லாது. நிகழ்ச்சிக்கெனத் தனிக் காப்பீடும், மது பரிமாறுவதற்கென இன்னொன்றும் எடுக்க வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம்

குதிரை ஓடித் தப்பிக்கும் பிராணி. சந்தேகம் வந்தால் நின்று யோசிக்காது, ஓடும். மனிதக் காதுக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் எல்லை என்றால் குதிரைக்கு அது 33 ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒலிபெருக்கியின் கீச்சொலியும், மைக் அலறலும், பட்டாசும் நமக்குக் கேட்பதைவிட வேறு மாதிரி அதற்குக் கேட்கும். வாணவேடிக்கையில் மிரண்டு வேலியில் பாய்ந்து காலை முறித்துக்கொண்ட குதிரைகளைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். குதிரைக்குக் கால் முறிவது பெரும்பாலும் உயிர்போகும் விஷயம்.

இன்னொன்று வெளியே தெரியாது. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். சுற்றிலும் பத்திரம் என்று தோன்றினால்தான் படுக்கும். வார இறுதிதோறும் இரவில் கார் விளக்குகளும் கூச்சலும் என்றால் அந்த அரைமணியும் கெடும். அனுபவமுள்ள பண்ணைக்காரர்கள் இதை அறிந்தே குதிரைகளைக் கடைக்கோடி அடைப்புக்கு மாற்றுகிறார்கள், தனியாக விடாமல் பழகிய ஜோடியோடு விடுகிறார்கள், இசையை 10 மணிக்கு நிறுத்துகிறார்கள். பட்டாசுக்கும் வான விளக்குகளுக்கும் இடமே கொடுப்பதில்லை. பறக்கவிடும் காகித விளக்கின் கம்பி மேய்ச்சலில் விழுந்து, தீவனத்தோடு வயிற்றுக்குள் போய்விடும். பல மாநிலங்கள் அவற்றைத் தீ அபாயத்துக்காக ஏற்கெனவே தடை செய்துவிட்டன.

விருந்தினரின் அன்பும் ஆபத்துதான். வேலியோரம் வரும் குதிரைக்குக் கேக் துண்டும் முழு ஆப்பிளும் நீட்டுவார்கள். தொண்டையில் சிக்கலாம், வயிற்று நோவு வரலாம். வேறு பண்ணைக் குதிரையைத் தொட்ட கை அப்படியே இங்கே வந்து தடவினால் தொற்றும் வரும். ஆனால் குதிரையோடு படம் எடுத்துக்கொள்வதற்குத்தான் பலர் இந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். குதிரையை அறவே கண்ணில் காட்டாத பண்ணைக்குக் கிராக்கி குறையும். இந்த முடிச்சை நல்ல பண்ணைகள், வயதான, சாதுவான ஒரே ஒரு குதிரையைக் கயிறோடு அரைமணி நேரம் நிறுத்தி அவிழ்க்கின்றன.

பெட்டிச் செய்தி: மாலையில் இருக்கும் நஞ்சு

திருமண அலங்காரத்தில் பச்சைக்காக வைக்கும் சில தழைகள் குதிரைக்கு எமன். யூ மரத்தின் ஊசியிலை சில நூறு கிராம் உள்ளே போனாலே இதயம் நின்றுவிடும். பல நேரம் அறிகுறி தெரிவதற்குள் குதிரை விழுந்துவிடும். நம் ஊர் அரளியும் அதே அளவு கொடியது. அலங்கார வேலிச்செடியான பாக்ஸ்வுட், வாடிய சிவப்பு மேப்பிள் இலை இரண்டும் ஆபத்தானவை. ஞாயிறு காலையில் மிச்சப் பூக்களை வேலிக்கு மேலே வீசி எறியும் பழக்கம்தான் பெரும் பயம். எந்தத் தழை வரலாம், எது கூடாது என்று பூ அலங்காரக்காரருக்கு முன்கூட்டியே பட்டியல் கொடுப்பது அவசியம்.

கல்யாணம் விவசாயமா?

பண்ணைகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அமைதிக்காக வந்தவர்கள். குதிரை கனைப்பதும் டிராக்டர் ஓடுவதும் அவர்களுக்குச் சம்மதம். 80 கார்கள் நள்ளிரவில் குறுகிய சரளைச் சாலையில் புழுதி கிளப்பிப் போவது சம்மதமில்லை. ஓட்டுநர் குடித்திருப்பாரோ என்ற அச்சமும் சேரும். அவர்கள் உள்ளாட்சி மன்றத்தில் புகார் செய்வார்கள். நிலம் விவசாய வகைப்பாட்டில் இருக்கிறது, விருந்து மண்டபம் வணிகம் என்பார்கள். பண்ணைக்காரர், இது பண்ணைச் சுற்றுலா, விவசாயத்தின் ஒரு பகுதி என்பார். இந்த ஒரே வாதம் பல மாநிலங்களின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷையரில் ஹென்னிக்கர் என்ற சிற்றூரில் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் ஒரு பண்ணை, திருமணங்கள் நடத்த முயன்றது. திருமணம் விவசாயத்தைச் சார்ந்த செயலாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் பண்ணைச் சுற்றுலாவின் வரையறையைத் திருத்தி எழுதியது. ஒகையோவில் நேர்மாறு. லிட்ச்ஃபீல்டு ஊராட்சியில் ஒரு திருமணக் களஞ்சியம், தன் நிலத்தில் திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரித்து, அதை வாங்குவோருக்கே இடம் தந்தது. ஒயின் தயாரிப்புக்கு மாநிலச் சட்டம் தரும் விலக்கு இதற்கும் பொருந்தும் என்று 2020-ல் ஒகையோ உச்ச நீதிமன்றம் சொன்னது. கொஞ்சம் திராட்சைக் கொடியால் ஒரு மண்டபத்தையே மறைத்துக்கொள்ளலாம் என்றால், நேர்மையாகக் குதிரை வளர்ப்பவருக்கும் வெறும் மண்டபக்காரருக்கும் என்ன வேறுபாடு? தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம், சட்டம் சரியாக எழுதப்படவில்லை.

வர்ஜீனியாவில் ஃபாக்கியர் கவுன்டியில் 2012-ல் ஒரு விவசாயிக்கு, அனுமதியில்லாமல் நிகழ்ச்சி நடத்தியதாகவும் பொருள் விற்றதாகவும் நோட்டீஸ் போனது. சிறுமிகளின் பிறந்தநாள் விழா ஒன்றும் அதில் பேசப்பட்டதால் மாநிலமே கொதித்தது. பொதுப் பாதுகாப்புக்குப் பெரும் பாதிப்பு இருந்தாலொழியப் பண்ணைச் சுற்றுலாவை உள்ளாட்சிகள் கட்டுப்படுத்தக் கூடாது என்று 2014-ல் சட்டம் வந்தது. டென்னசியிலும் அதே வேகம். பண்ணையில் நடந்த இசைக் கச்சேரிகள் விவசாயமல்ல என்று 2013-ல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னதும், பண்ணை உற்பத்திக்குத் துணையாக நடக்கும் பொழுதுபோக்கும் விவசாயமே என்று மறு ஆண்டு சட்டமன்றம் திருத்தம் செய்தது.

இவற்றில் நிதானமானது நியூ ஜெர்சியின் வழி. அங்கே அரசு நிதியால் என்றென்றைக்கும் விவசாயத்துக்கெனப் பாதுகாக்கப்பட்ட நிலங்கள் உண்டு. அவற்றில் ஆண்டுக்கு 26 சிறப்பு நிகழ்ச்சிகள் நடத்தலாம், 250 பேரோ அதற்கு மேலோ கூடுவது அவற்றில் 6 மட்டுமே இருக்கலாம் என்று 2023-ல் சட்டம் இயற்றினார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டால் பண்ணைக்காரர் முதலீட்டைத் திட்டமிடலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆண்டில் எத்தனை இரவு சத்தம் என்பது தெரியும். ‘விவசாயமா, இல்லையா’ என்ற முடிவில்லாத வழக்காட்டத்தைவிட ‘ஆண்டுக்கு எத்தனை நாள்’ என்ற கேள்வி உபயோகமானது. மற்ற மாநிலங்களும் இந்தப் பக்கம் வர வேண்டும்.

விஸ்கான்சினில் சண்டை மதுவைப் பற்றியது. விருந்தினரே மது கொண்டுவந்து குடிக்கும் தனியார் களஞ்சியங்களுக்கு உரிமம் தேவையில்லாதிருந்தது. உரிமக் கட்டணம் கட்டும் மதுக்கூடக்காரர்கள் இது அநியாயம் என்றார்கள். 2023 டிசம்பரில் கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி முதல் இவர்களுக்கு இரண்டே வழி வைத்தது. மது உரிமம் எடுக்க வேண்டும். அல்லது மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல், ஆண்டுக்கு 6 நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு கல்யாணத்தை நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு 6 நாள் எந்த மூலைக்கு? வரம்பு நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே முதலீடு செய்தவர்களை மூழ்கடிக்கும் அளவுக்கு அதை இறுக்குவது நியாயமாகாது.

கதவைத் திறந்த பிறகு

தன் வீட்டில் யாரை அழைப்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். வாடகைக்கு விட்ட லாயத்தில் அந்த விருப்பம் செல்லாது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்காட்டிகோக் பகுதியில், தாங்கள் குடியிருக்கும் பண்ணையிலேயே திருமணங்கள் நடத்திவந்த ஒரு தம்பதி, 2012-ல் இரு பெண்களின் திருமணத்துக்கு மதநம்பிக்கையைக் காரணம் காட்டி இடம் மறுத்தனர். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் எல்லோருக்கும் திறந்ததே என்று மாநில அமைப்பு 10,000 டாலர் அபராதமும், அந்த இரு பெண்களுக்கும் தலா 1,500 டாலர் இழப்பீடும் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-ல் அதை உறுதி செய்தது. குடும்பச் சொத்து என்ற எண்ணத்தோடு இந்தத் தொழிலில் இறங்குவோர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

தென்மாநிலங்களில் கதவு இன்னொரு பக்கமும் திறக்கிறது. கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து நடத்திய தோட்டப் பண்ணைகள் பல, அழகிய திருமண இடங்களாக விளம்பரம் செய்யப்பட்டுவந்தன. ‘கலர் ஆஃப் சேஞ்ச்’ என்ற உரிமை அமைப்பின் பிரசாரத்துக்குப் பிறகு, 2019 டிசம்பரில் பின்டரெஸ்டும் த நாட் நிறுவனமும் அத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தன. குதிரைத் தொழிலுக்கும் அந்த வரலாற்றில் பங்குண்டு. கென்டக்கியின் குதிரைகளைப் பழக்கி வளர்த்தவர்களில் பெரும்பகுதி அடிமைகளும், பின்னர் அவர்கள் வழிவந்தவர்களும்தான். 1875-ல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய 15 குதிரைகளில் 13-ஐ ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர்கள். வென்ற ஆரிஸ்டைடிஸ் குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர். பழைய லாயத்தைக் காட்டி வாடகை வாங்கும் பண்ணை, அதைக் கட்டியவர்களையும் சொல்வதுதான் நேர்மை.

வரியும் வாரிசும்

பண்ணை நிலத்துக்குச் சந்தை விலையில் வரி போட்டால் எந்தக் குதிரையும் அதைக் கட்டமுடியாது. எனவே பல மாநிலங்கள் விவசாயப் பயன்பாட்டு மதிப்பில் குறைந்த வரி விதிக்கின்றன. திருமணத்துக்கு ஒதுக்கிய ஏக்கர்களை அதிகாரிகள் வணிக நிலமாக மாற்றிவிட்டால் சலுகை போகும். வர்ஜீனியா போன்ற இடங்களில் கடந்த 5 ஆண்டுகளின் சலுகையையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். வருமான வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தொழில் என்று ஒப்புக்கொள்ளப் பொதுவாக 5 ஆண்டில் 3 ஆண்டு லாபம் காட்ட வேண்டும். குதிரை வளர்ப்புக்கு மட்டும் 7-ல் 2 போதும் என்று சட்டமே தளர்த்தியிருக்கிறது. குதிரையில் லாபம் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அரசும் ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நிலத்தை நிரந்தரமாகக் காக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. மனை போட்டு விற்கும் உரிமையை மட்டும் அரசுக்கோ அறக்கட்டளைக்கோ விற்றுவிட்டு, நிலத்தைத் தாமே வைத்துக்கொள்வது அது. 1958-லேயே நகர வளர்ச்சிக்கு எல்லைக்கோடு போட்டு நாட்டுக்கு முன்னோடியான கென்டக்கியின் லெக்சிங்டன் நகரம், 2000-ல் இத்திட்டத்தைத் தொடங்கி 30 ஆயிரம் ஏக்கருக்கு மேல் குதிரைப் பண்ணைகளையும் வயல்களையும் காத்திருக்கிறது. கைக்கு ஒரு தொகை கிடைக்கும், வீட்டுமனைக்காரர் இனி வரமாட்டார். ஆனால் அந்த ஒப்பந்தங்களில் வணிக நிகழ்ச்சிகளுக்குத் தடையும் வரம்பும் இருப்பது வழக்கம். கையெழுத்திடும் தலைமுறை, அடுத்த தலைமுறையின் கல்யாண வியாபாரத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த அடுத்த தலைமுறைதான் பெரும்பாலும் இந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தது. நகரத்தில் படித்து வேலை பார்த்த மகளோ மருமகனோ திரும்பி வந்து, இணையத்தில் படம் போட்டு, முதல் முன்பணத்தை வாங்கினார்கள். பெற்றோர் குதிரையைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் மணமக்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் வருமானத்தின் முக்கால் பங்கு பிள்ளைகளின் பக்கம் சாயும்போது, கொட்டடி குறையும், குட்டி ஈனவைப்பது நிற்கும், மேய்ச்சலின் ஒரு பகுதி கார் நிறுத்தமாகும். கடைசியில் இரண்டு வயதான குதிரைகள் படத்துக்காக நிற்கும். இதைத் தடுத்த குடும்பங்கள் செய்தவை இரண்டு: திருமண வருமானத்தில் ஒரு பங்கைக் குதிரைக் கணக்குக்கு முதலிலேயே ஒதுக்குவது, பெண்குதிரைகள் குட்டி ஈனும் வசந்த வாரங்களில் எந்தத் திருமணத்துக்கும் தேதி தராமலிருப்பது. ஏப்ரல் மாதத்து நல்ல சனிக்கிழமைகள் சில அதனால் கைவிட்டுப் போகும். அந்த இரவுகளில் லாயத்தில் கால்நடை மருத்துவருக்கு இடம் வேண்டும்.